ஒரேத்தோவில் ஓர் அமெரிக்க நூதனசாலை

இத்தாலியின் பலெர்மோவில் அரசர்கள் அரண்மனை கட்டினார்கள், பாதிரிமார் கோவில் கட்டினார்கள். அதே ஊரின் ஒரேத்தோ தெருவில் ஒரு வாடகை வீட்டுக்குள் அமெரிக்க நூதனசாலை கட்டியவர் எங்கள் நூதனசாலை அண்ணை ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் அவருக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஓர் அமெரிக்க சிஞ்ஞோரா வீட்டில் வேலை. அந்த அம்மா தன் நாட்டில் நூதனசாலை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அண்ணை பாத்திரம் கழுவக் கழுவ, அமெரிக்க நூதனசாலைகளைத் தொடக்கிய முன்னோடிகளைப் பற்றிக் அந்த அம்மா கதை கதையாகச் சொல்வார். பின்னேரம் அண்ணை வீடு திரும்பியதும் அத்தனையும் அவரோடு ஒரே வீட்டில் இருந்த எங்கள் தலையில் விழும்.

"ஒரு ஓவியர் வீட்டுக்குள்ளையே நூதனசாலை வைச்சவர், தெரியுமோ? செத்த பறவையளுக்குப் பஞ்சடைச்சு, பின்னாலை காடும் கீறி, உயிரோடை இருக்கிற மாதிரி வைச்சவர்!"

இன்னொருவர் கடையில் விற்கிற சாதாரண சாமான்களையே காட்சிக்கு வைத்தாராம். அதைக் கேட்ட மறுநாள் எங்கள் இடியப்ப உரல் அலுமாரிக்குள் போய்விட்டது. முன்னால் 'தொடாதீர்கள்' என்று தமிழிலும் இத்தாலியனிலும் ஓர் அட்டை.

"அண்ணை, அப்ப இடியப்பம் எப்பிடிப் புழியிறது?"

"கடையிலை பாண் வாங்கித் தின்னு. சரித்திரத்திலை கை வைக்காதை."

வீட்டை வாடகைக்கு எடுத்தது இரண்டு பேருக்கு. இருந்ததோ ஆறு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்துவிட்டார். பிடிபட்டால் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்து வாங்குப்பலகைதான் எங்களுக்குக் கட்டில். மற்றவர்கள் மொட்டைமாடிக்கு ஓடிவிட்டார்கள். காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு கிடந்த நான் மட்டும் அகப்பட்டேன்.

இத்தனை கட்டில் எதற்கு என்று அவர் கேட்டார். அண்ணை தனக்குத் தெரிந்த இத்தாலியனில் அளந்தார்.

"இது நூதனசாலை, சிஞ்ஞோரா. ஒருத்தரும் படுக்கிறேல்லை. பாக்க மட்டுந்தான்."

அப்படியானால் இது என்ன என்று என்னைக் காட்டினார்.

"அது பஞ்சடைச்சது. அமெரிக்க முறை."

நான் மூச்சை அடக்கினேன். என் வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. அவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்துப் பவுடர் என் மூக்குக்குள் போனது. தும்மிவிட்டேன்.

அண்ணை அசையவில்லை. "எவ்வளவு தத்ரூபம், பாத்தியளோ சிஞ்ஞோரா!" என்றார்.

வீட்டுக்கார அம்மா பக்கத்துக் கட்டிலில் தொப்பென்று இருந்து, கண்ணீர் வரச் சிரித்தார். நூதனசாலையை மூட வேண்டாம், பஞ்சடைத்ததற்கு மருந்து வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணை பிறகு கனடா போய்விட்டார். அன்றைக்கே இடியப்ப உரலை விடுதலை செய்தோம். ஆனால் புதிதாக வந்த பொடியள் நிலத்தில் படுத்த நாட்களிலும் அவருடைய கட்டிலில் ஒருவரையும் நான் படுக்க விடவில்லை. அதில் ஓர் அட்டை இருந்தது, நானே எழுதியது: தொடாதீர்கள்.