நாசாய் கிராமத்தில் நிபுணர் வேரூன்றிய விவரம்

எங்கள் நாசாய் கிராமத்துக்குக் குடிநீர் வழங்குவது என்று தலைநகர் வியந்தியானில் தீர்மானம் நிறைவேறியது. முதலில் தீர்மானத்தின் நகல் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் குழாய்கள் வந்தன. நீல நிறத்தில் இருநூற்று நாற்பது குழாய்கள். மேல்மலை ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் தாராளமாகப் போதும். பள்ளிக்கூட முற்றத்தில் அடுக்கி, தார்ப்பாய் மூடி, "தொடாதீர்" என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பலகையை மதிக்காதவை கோழிகள் மட்டும்தான். அவை உள்ளே புகுந்து முட்டையிட்டன.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. என் பெயர் துக்தா, ஊர் மகளிர் சங்கத் தலைவி. பட்டம் பெரிதுதான், ஆனால் தலைவியும் ஆற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு படி இறங்கித்தான் தண்ணீர் எடுக்கவேண்டும். காவுதடியில் இரண்டு வாளி மாட்டி காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. என் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மாவட்ட மருத்துவர் படம் எடுத்துக் காட்டினார். "இனிமேல் படி ஏறாதீங்க" என்றார். ஏறாமல் இருந்தால் தண்ணீர் யார் தருவார் என்று அந்தப் படத்தில் இல்லை. குழாய் வந்தால்தான் எனக்குக் கால் மிஞ்சும்.

குழாய் பதிக்க நிபுணரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நிபுணரும் வந்தாள். கிர்ஸ்டன் என்று பெயர், டென்மார்க்காரி, முப்பது வயதிருக்கும், நல்ல பெண். ஜீப்பை விட்டு இறங்கியதும் ஊற்றைக் கேட்பாள் என்று நினைத்தோம். அவள் ஒரு படிவத்தை நீட்டினாள். ஊர்த்தலைவர் புன்தவி மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"இதுகாறும் பதினோரு திட்டங்கள் பயனற்றுப் போனமைக்குக் காரணம், நிபுணர்கள் உள்ளூர் வாழ்வில் வேரூன்றாமையே என ஆய்வில் தெளிவாயிற்று. ஆகவே, நிபுணர் அன்றாட வாழ்வில் முழுமையாக வேரூன்றிவிட்டார் என மேலதிகாரி நேரில் கண்டு சான்றளிக்கும்வரை, அவர் எந்த ஆவணத்திலும் கையெழுத்திடலாகாது."

"எத்தன நாள் ஆகும் மாமா?" என்றேன்.

"அது நிபுணரோட வேரப் பொறுத்தது போல. பதினாலு கேள்வி இருக்கு. எல்லாத்துலயும் தேறணும்."

கிர்ஸ்டன் கைகுவித்து வணங்கினாள். அவள் எங்கள் மொழியைத் தலைநகரில் பாடப்புத்தகத்தில் படித்திருந்தாள். "மதிப்பிற்குரிய மூத்த சகோதரி அவர்களே, தங்கள் இல்லத்தில் தங்கி, தங்களைப் போலவே வாழ விழைகிறேன்."

"எங்கள மாதிரியா? எங்களுக்கே அது புடிக்கலயே தாயி."

ஆனாலும் சேர்த்துக்கொண்டேன். குழாய் அவள் கையில் அல்லவா இருக்கிறது.

வேரூன்றும் பணி மறுநாளே தொடங்கியது. ஒட்டரிசிச் சோற்றை விரலால் உருட்டிச் சாப்பிடுதல் முதல் கேள்வி. சூடு பொறுக்காமல் இரண்டு நாள் விரலை ஊதிக்கொண்டிருந்தாள், மூன்றாம் நாள் தேறினாள். புளிக்க வைத்த மீன் இரண்டாவது. அதன் வாசனையில் முதல் நாள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதத்தில், "மீனு இன்னும் பதமா வரலக்கா, பத்து நாள் கெடக்கட்டும்" என்று எனக்கே சொல்லித்தரும் அளவுக்கு வந்துவிட்டாள். "ஊர் நடப்புகளில் ஈடுபாடு" என்று ஒரு கேள்வி இருந்தது. புறணி பேசுவதைத்தான் தலைநகரில் அப்படிச் சொல்கிறார்கள். இதில் மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாவது கேள்வி தண்ணீர். "உள்ளூர் முறையில், உள்ளூர் அளவில் நீர் சுமத்தல்." காவுதடியைத் தோளில் வைத்து இரண்டு வாளியோடு ஏறினாள். மேலே வரும்போது ஒரு வாளியில் அரை வாளி இருந்தது, மற்றதில் ஒரு தவளை இருந்தது. பயிற்சி தேவை என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. எங்கள் வீட்டுத் தண்ணீரை அவளே எடுத்தாள். பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் எடுத்தாள். நான் மேல்படியில் உட்கார்ந்து, "இடுப்ப ஆட்டாத, காலப் பாத்து வை" என்று பயிற்சி கொடுத்தேன். முழங்கால் வலி குறைந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நாட்களில் குழாயைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.

பன்னிரண்டாவது கேள்விதான் ஊரையே ஆட்டி வைத்தது. "நிபுணரின் மணிக்கட்டில் ஊரார் கட்டிய வெள்ளைக் கயிறுகள் நாற்பதுக்குக் குறையாமல், மேலதிகாரி காணுமாறு இருத்தல்." ஒரு ஆளுக்கு முப்பத்திரண்டு உயிர் என்பது எங்கள் நம்பிக்கை. வந்தவரின் அத்தனை உயிரையும் ஓடிவிடாமல் உடம்போடு கட்டிவைக்கக் கயிறு கட்டுவது எங்கள் வழக்கம். மூன்று நாள் கையில் இருந்தால் போதும். ஆனால் மேலதிகாரி மூன்று நாளில் வரவில்லை. கருத்தரங்கு என்றார்கள். கயிறு அழுக்கேறி இற்றுவிழ, மறுபடி கட்டினோம். கயிறு கட்டினால் கோழி அடிக்கவேண்டும், அரிசிச் சாராயம் ஊற்றவேண்டும். அடுத்து சாலை சரியில்லை என்றார்கள், மறுபடி கட்டினோம். இப்படி ஏழு முறை.

"மாமா, ஊர்ல கோழி தீரப்போகுது" என்றேன்.

"வளர்ச்சின்னா நாமளும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்" என்றார் மாமா, கோப்பையை நீட்டிக்கொண்டே.

கடைசியில் மேலதிகாரி விசித் வந்து சேர்ந்தார். கிராமத்துக்குப் போகிறவர் கிராமத்தான் மாதிரி இருக்கவேண்டும் என்று தலைநகரில் இப்போது ஒரு மோஸ்தர். கைத்தறிச் சட்டை, தோளில் நெய்த பை, காலில் ரப்பர் செருப்பு. நாங்கள் அவரை வரவேற்க மாவட்டக் கடையில் வாங்கிய நைலான் சட்டையில் நின்றோம். அவர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்தது போலத்தான் தெரிந்தது.

கிர்ஸ்டன் அவரை ஏமாற்றவில்லை. குந்தி உட்கார்ந்து சோறு உருட்டினாள், நாற்பத்தாறு கயிறு காட்டினாள். இரண்டு வாளித் தண்ணீரோடு நூற்றுத் தொண்ணூறு படியும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறி வந்து, "என்ன சார், வெயில்ல நிக்கறீங்க? தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள். விசித் பதினோரு படம் எடுத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அங்கேயே முத்திரை குத்திச் சான்றிதழைக் கொடுத்தார். அவள் உடனே பேனாவைத் திறந்து குழாய்க் காகிதத்தை எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் விசித். "அது எதுக்கு?"

"குழாய் பதிக்க சார்."

"குழாய் வந்தா நீங்க தண்ணி தூக்குவீங்களா?"

"அப்புறம் எதுக்குத் தூக்கணும்?"

"அங்கதான் சிக்கல். தூக்கலைன்னா ஒன்பதாவது கேள்வியில தவறிடுவீங்க. தவறிட்டா சான்றிதழ் ரத்து. சான்றிதழ் ரத்தானா உங்க கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்லலைன்னா குழாயைத் தோண்டி எடுக்கணும்."

கிர்ஸ்டன் பேனாவை மூடினாள். கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை என்பதுதான் கொடுமை.

"அப்ப குழாயே வராதா?" என்றேன்.

"ஏன் வராது? இன்னொரு நிபுணர அனுப்புறோம். அவரும் வேரூன்றணும், அதுல சலுகை கெடையாது. இவங்களே பயிற்சி குடுக்கட்டும். இந்த ஊர நிபுணர் வேரூன்றலுக்கு முன்மாதிரி கிராமமா அறிவிக்கறேன்."

மாமா கைதட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன். ஊர் எல்லையில் பலகை வைப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு ஆள் வந்தால் இன்னும் நாலு வீட்டுக்குத் தண்ணீர் ஆகும் என்று எனக்குள் ஓடியதையும் மறைக்கப்போவதில்லை.

அடுத்த நிபுணர் பாஸ்டியான். கறுப்புக் கண்ணாடியும் பெரிய மூட்டையுமாகப் பள்ளிக்கூட முற்றத்தில் இறங்கினான். நேரே தார்ப்பாயைத் தூக்கிக் குழாய்களை எண்ணினான். அந்த நேரம் பார்த்து மாமா மண்வெட்டியோடு, இடுப்பு வரைக்கும் சேற்றோடு, அவசரமாக வந்தார். பாஸ்டியானும் பாடப்புத்தகத்தில் படித்தவன்தான்.

"ஐயா, தாங்கள் என்ன பணி செய்துகொண்டிருந்தீர்கள்?"

"மீன்குளத்துக்கு ஓடையில இருந்து குழாய் பதிச்சேன் தம்பி. நானும் என் மருமகனும். ஒரு நாள் வேல."

"நிபுணர் எவரும் உதவினாரா?"

"மீனுக்கு எதுக்குத் தம்பி நிபுணர்?"

பாஸ்டியான் மலையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், மண்வெட்டியைப் பார்த்தான். "அப்படியானால் இந்தக் குழாய்களையும் தாங்களே ஏன் பதித்துக்கொள்ளக் கூடாது?"

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். மாமா மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கிர்ஸ்டன்தான் முதலில் சிரித்தாள், எங்கள் பெண்களைப் போலவே வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"பாவம், புதுசு. எங்க வந்து என்ன கேக்கறதுன்னு தெரியல. நாலு நாள் போனா சரியாயிடும்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. மாமா அவன் கொண்டுவந்த படிவத்தை வாங்கி, முதல் பக்கத்தில், "இன்னும் வேரூன்றவில்லை" என்று தெளிவாக எழுதினார். நான் காவுதடியை எடுத்துவந்து அந்தப் பிள்ளையின் தோளில் வைத்தேன்.