குதிரை மண்டியிட்ட தேவாலயம்

எழுத்து நடை அழகாக இருந்தால் பொய்க்கும் ஒரு மதிப்பு உண்டு என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை நியூ ஜெர்சியில், ஓர் எபிஸ்கோப்பல் தேவாலயத்தில், சபையார் அனைவர் முன்னிலையிலும் காலமானது.

பிளெய்ன்ஸ்பரோவை அடுத்த சிற்றூரில், அத்தேவாலயத்தின் கூடத்தில்தான் எங்கள் தமிழ்ப்பள்ளி சனிக்கிழமைதோறும் நடந்துவந்தது. அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய வேளையில், ஆலயம் நிறுவப்பட்ட நாள் விழாவில் அதன் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதி வாசிக்குமாறு போதகர் என்னைக் கேட்டார். நிர்வாகக் குழுவின் நெஞ்சில் இடம்பிடிக்க இதைவிட நல்வாய்ப்பு ஏது?

ஆவணப் பெட்டியைத் திறந்தேன். கூரை ஒழுகியது. கூரையைச் செப்பனிட்டார்கள். கொதிகலன் பழுதானது. புதுக் கொதிகலனை எங்கே வைப்பது என்பதில் இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. மீண்டும் கூரை. (இதுவா வரலாறு? பிளம்பர் டைரி மாதிரியில்ல இருக்கு.) ஆலயம் அவ்விடத்தில் எழுந்ததற்குக் காரணம் ஒரே வரியில் இருந்தது: நிலம் இலவசமாகக் கிடைத்தது.

நான் தலபுராணங்களில் திளைத்து வளர்ந்தவன். பசு தானாகப் பால் சொரிந்த இடம், மன்னன் கனவில் இறைவன் காட்டிய இடம் என்று ஏதேனும் ஒன்று இல்லாத கோயிலை அறியேன். பசு இவ்வூருக்குப் பொருந்தாது. ஆகவே குதிரையைத் தேர்ந்தேன். பனிப்புயலில் வழிதவறிய முதல் போதகரின் வெண்குதிரை, ஒரு மேப்பிள் மரத்தடியில் மண்டியிட்டது. எவ்வளவு முயன்றும் எழவில்லை. அங்கேயே ஆலயம் எழுந்தது.

படித்துப் பார்த்த மனைவி கேட்டாள்: "இந்தக் குதிரை எங்கேந்து வந்துச்சு?"

"அது வரலாற்றின் உட்பொருள்."

"ஹால் ரின்யூவல் இருக்குங்க. பெட்டியில இருக்கறத மட்டும் படிச்சிட்டு வாங்க."

"கூரை ஒழுகியதையா?"

"ஒழுகினா ஒழுகுச்சுன்னு சொல்லுங்க. நம்ம பசங்க தலையில ஒழுகாம இருந்தா சரி."

விழாவில் குதிரை மண்டியிட்டபோது அவை உருகியது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளிவந்தன. அப்போது டாரதி என்னும் மூதாட்டி கையை உயர்த்தினார். ஓய்வுபெற்ற நூலகர்; அந்தப் பெட்டியின் காவலர்.

"மிக அழகான குதிரை," என்றார். "இத்தனை ஆண்டுகளில் என் கண்ணில் படவே இல்லை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

ஓர் ஒற்றெழுத்து விடுபட்டால் சிறுவர்களுக்கு அரை மதிப்பெண் குறைக்கும் நான் தடுமாறினேன். "அது... வாய்மொழி மரபு."

"யாருடைய வாய்?"

கடைசி வரிசையிலிருந்து, உண்மைக்கு உதவும் ஆர்வத்தில், என் எட்டு வயது மகள் நிலா எழுந்தாள். "மை டாட்ஸ். ஹி மேட் இட் அப் ஆன் டியூஸ்டே."

அவை சிரித்தது. நான் பள்ளியின் பலகைகளை வேறெங்கே கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அனுமதி கிடைத்தது; டாரதி விதித்த ஒரு நிபந்தனையுடன். பெட்டியிலுள்ள அத்தனை தாள்களுக்கும் நான் பொருளடைவு தயாரிக்க வேண்டும். ஓராண்டுக் காலம், மேலே பிள்ளைகள் அகரம் ஓத, கீழே நிலவறையில் நான் 'கூரை, ஒழுகல். காண்க: வாளி' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நிலா இப்போது கல்லூரியில் பயில்கிறாள். "அந்தக் காலத்துல நான் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் நடந்தே..." என்று நான் தொடங்கினால் போதும், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பாள்: "பேஜ் நம்பர், அப்பா?"

அடுக்களையிலிருந்து அவள் அம்மா பதில் சொல்வாள்: "நடந்து எங்கடி போனாரு? குதிரையிலதான் போயிருப்பாரு."