கிடுகிடுவின் தலைப்பாகை

பயந்தாங்கொள்ளிகளுக்கென்று ஒரு ராஜ்யம் இருந்தால், அதில் பட்டம் கட்டிக்கொள்ளத் தகுதியுள்ளவர் எங்கள் கிடுகிடு ஒருவர்தான். இன்று மதராஸ் மாகாணமே ‘தலைவர்’ என்று அவருக்கு மாலை போடுகிறது. ‘சிங்கம்’ என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அந்தச் சிங்கம் கல்கத்தாவில் எங்களோடு மெஸ்ஸில் இருந்த காலத்தில், பல்லி கத்தினால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடும்.

பவானிபூரில் ஒரு சந்தில் எங்கள் மெஸ். எல்லோரும் நம் பக்கத்துக் குமாஸ்தாக்கள். கிடுகிடுவுக்கு மாடு பயம், இடி பயம், ஆபீஸ் துரை இருமினால் பயம். மீன்காரி கூடையோடு எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேல் டிராம் பயம். குதிரை இழுத்த காலத்திலாவது அதட்டினால் நிற்கும். மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய பிறகு அது பேய்தான் என்று முடிவே கட்டிவிட்டார். தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தண்டவாளத்தைத் தாண்டுவார்.

“ஓய், டிராம் வரதா பாரும்!”

“வரலை, வாரும்.”

“வராம இருக்கறச்சேதான் ஓய் திடீர்னு வரும்!”

வங்காளத்தைப் பிரித்திருந்த நேரம் அது. ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு சீமைத் துணியைப் போட்டுக் கொளுத்தினார்கள். எங்களுக்கோ சர்க்கார் உத்தியோகம்; கூட்டத்தை எட்டிப் பார்த்தாலே சீட்டுக் கிழியும். யார் போலீஸ் ஒற்றன் என்று தெரியாமல், பால்காரனிடம்கூட மழையைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்; படுத்துவிட்டேன். ஆபீஸிலிருந்து திரும்பிய கிடுகிடு, கையைப் பிடிக்க ஆளில்லாமல் டிராம் ரோட்டில் தவித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஓர் ஊர்வலம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அதற்காக டிராம் நின்றது. ‘இதுதான் சமயம்’ என்று மனுஷர் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். நுழைந்தாரே தவிர, வெளியே வர முடியவில்லை. மைதானம் வரை தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். அங்கே தடியடி. யாரோ விட்டெறிந்த கல் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்டின் மண்டையைப் பிளந்தது. கிடுகிடு எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தலை வந்தது, தலைப்பாகை வரவில்லை.

அதுதான் வினையாயிற்று. வங்காளிகள் வெறுந்தலையோடு நடமாடுகிறவர்கள். கல் விழுந்த இடத்தில் ஜரிகைத் தலைப்பாகை கிடந்தால் போலீஸ் யாரைத் தேடும்? அதிலும் நாங்கள் அதைத் தினம் தினம் கட்டுகிறவர்கள் இல்லை. ஒரு தடவை தலைக்கு அளவாகக் கட்டி ஆணியில் மாட்டிவிட்டால், மாதக்கணக்கில் குல்லாய் மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

மறுநாள் காலையில் வந்துவிட்டார் இன்ஸ்பெக்டர், கையில் அந்தத் தலைப்பாகையோடு. கிடுகிடு அரிசி மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டார். எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொரு தலையிலும் அதை வைத்துப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். முதல் ஆளுக்குக் கண்ணை மூடியது. அடுத்தவருக்கு உச்சியைவிட்டு இறங்கவேயில்லை. பிறகு நான். பாழாய்ப்போன தலைப்பாகை, எனக்கென்றே அளவெடுத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது!

“சலோ, பாபு” என்று என்னை ஸ்டேஷனுக்குக் கிளப்பினார் இன்ஸ்பெக்டர்.

என்னுடையது ஆணியில் தொங்குகிறதே என்று காட்டினேன். ஒருவனுக்கு இரண்டு இருக்கக் கூடாதா என்று கேட்டார். உத்தியோகம் போகும், ஜெயில் நிச்சயம், ஊரில் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகளை எவன் பண்ணிக்கொள்வான்? வெட்கத்தைவிட்டு ஓவென்று அழுதேன்.

அரிசி மூட்டை அசைந்தது. கை கால் எல்லாம் வெடவெடக்க, பல் தந்தியடிக்க, கிடுகிடு வெளியே வந்தார்.

“அது... அது என்னோடது சார். அவர் ஜுரத்துல படுத்துண்டிருந்தார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் ஓய் வந்தீர்? பேசாம இருந்திருக்கப்படாதா?”

“நீர் உள்ளே போயிட்டா, என்னை யாருங்காணும் டிராம் ரோட்டைத் தாண்ட வைப்பா?” என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கண்ணில் நிஜமான பயம் இருந்தது.

எறியாத கல்லுக்கு ஆறு மாதம் போட்டார்கள். உத்தியோகமும் போயிற்று. விடுதலையான அன்று ஜெயில் வாசலில் வங்காளிப் பையன்கள் மாலையோடு நின்றார்கள். மாலைக்குள் பூரான் இருக்குமோ என்று அதற்கும் பயந்தார். ஊருக்குப் போனால் வேலை கொடுப்பார் இல்லை. கூட்டத்தில் பேசக் கூப்பிடுகிறவர்கள்தான் இருந்தார்கள். மாட்டேன் என்று சொல்லப் பயந்துகொண்டு போனார். போகப் போகத் தலைவராகிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை ஜெயிலுக்குப் போனார் என்பது உங்களுக்கே தெரியும்.

சமீபத்தில் கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அதே மைதானம். “துப்பாக்கிக்கு மார்பைக் காட்டுவோம்!” என்று கர்ஜித்தார், ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். நான் ஒரு மரத்தடியில் நின்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் தொண்டர்களை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. கையை நீட்டினார்.

“ஓய், வரதா பாரும்.”

ரோடு காலியாகக் கிடந்தது. “வரலை, வாரும்” என்றேன்.

பிடித்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தண்டவாளத்தைத் தாண்டிய பிறகும் நான் அதை விடவில்லை.