முழங்கால் சத்தம் குறித்து மைத்துனனுக்கு ஒரு விளக்கம்

மல்லேஸ்வரம், பெங்களூரு
வியாழக்கிழமை காலை

சிரஞ்சீவி பத்ரிநாத்துக்கு,

வைத்தீஸ்வரனின் அநேக ஆசீர்வாதங்கள். மைசூரில் நீயும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா அனந்தலக்ஷ்மி இடுப்புக்கு மேலே சௌக்கியம். நான் முழங்காலுக்கு மேலே சௌக்கியம். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஓர் ஆள் முழு சௌக்கியமாக இருப்பதாகச் சொல்லலாம். இப்படிச் சேர்த்துப் பார்ப்பது முறைதானா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

போனில் நீ என்னை மூன்றாவது வாக்கியத்துக்கு மேல் போக விடுவதில்லை. அதனால்தான் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காருடன் வந்து, மைசூர் பக்கத்தில் நீ பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்துக்கு அக்காவை அழைத்துப் போகப் போவதாகச் சொன்னாய். அங்கே ஒரே ஒரு படுக்கைதான் காலியாம். "அத்திம்பேர், உங்களால தூக்க முடியலை. அது உங்க தப்பில்லை. நீங்க வாராவாரம் பஸ் பிடிச்சு வந்து பார்த்துட்டுப் போகலாம்" என்றாய். நான் "சரி" என்றேன். அது சம்மதம் இல்லை, பத்ரி. நீ பேசுவது என் காதில் விழுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வருஷமாக உன் அக்காவும் இதே தவறைச் செய்துவருகிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நடுவே ஆறு நாள் இருப்பதை நீ யோசித்தாயா என்று போனிலேயே கேட்டிருக்க வேண்டும். அது நாலாவது வாக்கியமாக வந்திருக்கும்.

பிப்ரவரியில் நாங்கள் விழுந்ததை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பாத்ரூமில் விழுந்து முறிந்த உன் அக்காவின் இடுப்பெலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொல்லியும் அவள் காலை ஊன்ற மறுக்கிறாள். பயம். ஒன்பதிலிருந்து ஐந்து வரை அவளைப் பார்த்துக்கொள்ளச் சின்னத்தாயி வருகிறாள். அந்த அம்மாள் உன் அக்காவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, துவைத்த துணியைக் கொடியில் போடுகிற மாதிரி இருக்கும். ஒன்பதுக்கு முன்னால் நான்தான். அன்று காலை ஏழு மணிக்குக் குனிந்து அவளைத் தூக்கினேன். பாதி தூரம் வந்ததும் என் இரண்டு முழங்காலும் 'டக்' என்றன. பயந்து நின்றேன். நின்ற இடத்திலிருந்து இருவரும் மெதுவாக, மிகவும் மரியாதையாக, தரையில் போய் உட்கார்ந்தோம். எழ முடியவில்லை. முதல் அரை மணி நேரம் கட்டில் காலைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு, "ஏன்னா, கேஸை அணைச்சேளா?" என்றாள். அணைக்கவில்லை. பால் பொங்கி, வற்றி, கருகுகிற ஒவ்வொரு கட்டத்தையும் வாசனையாலேயே தெரிந்துகொண்டு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். அன்று நீ போன் செய்தபோது, வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தரையில் உட்கார்ந்தோம் என்றேன். அது பொய். சின்னத்தாயி உன்னிடம் சொன்னதுதான் உண்மை.

அந்த வாரம்தான் ரூபினி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்டின் டவுனிலிருந்து வாரம் ஒரு முறை உன் அக்காவின் காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண். ஒரு தலையணையைத் தரையில் போட்டு, "அங்கிள், இதான் ஆன்ட்டி. தூக்குங்க பாக்கலாம்" என்றாள். தூக்கினேன். "அய்யோ, முதுகால தூக்குறீங்க. தொடையால தூக்கணும். உங்களுக்குத் தொடையே இல்ல அங்கிள், வெறும் வேட்டிதான் இருக்கு" என்றாள். என்னை ஸ்குவாட் செய்யச் சொன்னாள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பின்னால் நாற்காலி இருப்பதுபோல் இடுப்பைப் பின்னே தள்ளி, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல், முட்டி கால்விரல் போகிற திசையிலேயே போக, உட்கார்ந்து எழ வேண்டும். முதல் முறை உட்கார்ந்ததுமே 'டக்'. அப்படியே நின்றுவிட்டேன்.

"வலிக்குதா?"

"இல்லை."

"வீங்குதா?"

"இல்லை."

"அப்ப அது வெறும் சத்தம் அங்கிள். மூட்டுக்குள்ள காத்துக் குமிழி மாதிரி. வலி இல்லாம சத்தம் மட்டும் வந்தா பயப்பட வேண்டாம். வலி வந்தா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க. இறங்குங்க."

இறங்கினேன். ஆனால் நான் முப்பத்துநாலு வருஷம் நிலம் அளக்கும் உத்தியோகத்தில் இருந்தவன். அங்கே சத்தம் போட்ட எதுவும் நல்ல நிலையில் இருந்து நான் பார்த்ததில்லை. முக்காலியானாலும் சரி, ஜீப்பானாலும் சரி, மேலதிகாரியானாலும் சரி.

எதையும் முறையாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். ஹாலில் சாக்பீஸால் என் பாதங்களைச் சுற்றிக் கோடு போட்டு, விரல் முனைகள் எவ்வளவு வெளிப்புறம் திரும்ப வேண்டும் என்பதைக் கோணமானி வைத்துக் குறித்தேன். மறுநாள் சின்னத்தாயி அதைப் பார்த்து, "இன்னா சாமி, கிருஷ்ண ஜெயந்திக்கு நாளு கீதே? அதுவும் இம்மாம் பெரிய கிருஷ்ணரா?" என்று கேட்டுவிட்டு, நல்ல நாள் வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். முட்டி நேராகப் போகிறதா என்று பார்க்க என் பழைய தூக்குக்குண்டை எடுத்து, கூரையில் வேறு கொக்கி இல்லாததால், மின்விசிறியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். நான் கையெழுத்துப் போடக் கூரியர்காரரிடம் போன நேரத்தில் உன் அக்கா புழுக்கமாக இருக்கிறது என்று சொல்ல, சின்னத்தாயி விசிறியைப் போட்டாள். உன் தகப்பனார் படத்தின் கண்ணாடி போய்விட்டது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி இல்லாமல் அவர் முன்னைவிட நேராக என்னைப் பார்க்கிறார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒருநாள் உன் அக்கா, "ஏன்னா, அந்த டக்கு சத்தம் வேண்டாம்னா. அன்னிக்கு பாத்ரூம்ல எனக்கு இடுப்பு போச்சே, அப்போ இதே சத்தந்தான் கேட்டது" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் செய்ய மனம் வரவில்லை. எங்கே செய்வது? பூங்காவில் செய்தால் நாலு பேர் பார்ப்பார்கள். ஒரு கிழவன் உட்கார்ந்து எழுந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடம் எது என்று இரண்டு நாள் யோசித்தேன். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில். அங்கே தோப்புக்கரணம் போடுகிறவனைப் பார்த்து யார் என்ன நினைக்கப் போகிறார்கள்? பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தடவை, தினமும் முப்பத்தாறு. அவர் முன்னால் நின்றதும் கைகள் தானாகக் குறுக்கே போய்க் காதைப் பிடித்துக்கொண்டன. பாதங்கள் தானாகச் சேர்ந்துகொண்டன. எழுபத்திரண்டு வருஷப் பழக்கம். ரூபினி சொன்னது ஒன்று, நான் செய்தது வேறொன்று என்பது மூன்று வாரம் எனக்குத் தோன்றவே இல்லை.

யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்று நான் போட்ட கணக்கும் தவறு. மூன்று தோப்புக்கரணம் போட்டால் பக்தி. முப்பத்தாறு போட்டால், அதுவும் ஒவ்வொன்றுக்கும் எலும்பு முறிகிற மாதிரி சத்தம் வந்தால், அது பிராயச்சித்தம். எதிர்வீட்டு ஜெயராமன் ஒருநாள் என்னை ஓரமாக அழைத்து, "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. சர்வீஸ்ல இருந்தப்போ ஏதாவது... மனசை அறுக்கறதா?" என்றார். இல்லை என்று நான் சொன்ன விதம் அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான்கு நாள் கழித்து கோவிந்தப்பா என்று ஒருவர், என் வயதுக்காரர், மடித்த பத்திரத்தோடு கோயில் வாசலில் காத்திருந்தார். "சார், தொண்ணூத்தொண்ணுல எங்க சைட்டை அளந்தது நீங்கதானா? முப்பது வருஷமா மூணடி கம்மியா கீது" என்றார். அந்தத் தெருப் பக்கமே நான் போனதில்லை என்றேன். அவர் என் முழங்காலைப் பார்த்தார். "போகட்டும் விடுங்க சார். தேவரு, அந்தச் சாமி முன்னாடி இவ்ளோ கஷ்டப்படறீங்க. நான் மனசுல வெச்சுக்கல" என்று கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். வீட்டுக்கு வந்து பழைய டைரிகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் அவ்வளவு உறுதியாக மன்னிக்கும்போது, நாம் ஏதோ செய்திருப்போமோ என்று சந்தேகம் வருகிறது. இன்றுவரை அது தீரவில்லை.

மூன்றாவது வார முடிவில் இடது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கி, வலியும் வந்தது. ரூபினி வந்து பார்த்து, செய்து காட்டச் சொன்னாள். செய்தேன்.

"காதைப் பிடிக்கச் சொன்னது யாரு அங்கிள்?"

"பிள்ளையார் முன்னாடி வேற எதைப் பிடிச்சுக்கறதும்மா?"

"பாதம் ஒட்டி, குதிகால் தூக்கி, மொத்த வெயிட்டும் முட்டி மேல. சாமிக்கு ஓகே அங்கிள். முட்டிக்கு ஓகே இல்ல" என்றாள். பத்து நாள் ஐஸ் வைத்துக்கொண்டு உட்காரும்படி ஆயிற்று.

அந்த நாட்களைப் பற்றி உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் விட்டுவிட்டால் இதுவும் பொய்க் கடிதமாகிவிடும். சின்னத்தாயி ஐந்து மணிக்கு உன் அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் ஒன்பதுக்கு அவள் வரும் வரை கட்டில்தான். தலைமாட்டுக் கூஜாவில் நான் வைக்கும் தண்ணீர் காலையில் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. எழுந்திருக்கும் தேவை வந்துவிடக் கூடாதே என்று மத்தியானம் மூன்று மணிக்கே தண்ணீர் குடிப்பதை அவள் நிறுத்தியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ சொல்லும் இல்லத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்பதை நானும் அன்று யோசித்தேன், பத்ரி. உன்னிடம் பேசப் போனைக் கையில் எடுக்கக்கூடச் செய்தேன்.

எடுத்தவன் வைத்துவிட்டேன். வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை உண்மையான நாற்காலி, விரித்த பாதம், இரண்டு கையும் முன்னால். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உன் அக்காவுக்குச் சத்தம் கேட்காமல் இருக்க ரேடியோவைப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் செய்தேன். இந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ரூபினி கொடுத்த பட்டையை உன் அக்காவின் இடுப்பில் கட்டி, இரு கையாலும் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். பத்ரி, அவள் எழுந்து நாற்காலிக்கு வந்துவிட்டாள். செவ்வாய், புதன், இன்று காலையும் அப்படியே. அதைவிட முக்கியம், என் முழங்காலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முறை சரியாக இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அவள் எடைதான் ரொம்பக் குறைந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. பஞ்சு மாதிரி வருகிறாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ கார் கொண்டுவரத் தேவையில்லை என்று தீர்மானமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நீ மட்டும் ரயிலில் வந்து சாப்பிட்டுவிட்டு, உன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போ. உன் அக்காவை நான் தூக்குவேன். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். அனைவரும் நீண்ட ஆயுளோடும், முக்கியமாக நல்ல மூட்டுகளோடும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்திம்பேர்
வைத்தீஸ்வரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரூபினி வந்துவிட்டாள். பெருமையாகச் செய்து காட்டினேன். இன்னொரு தடவை செய்யச் சொல்லி, குனிந்து என் முழங்காலையே பார்த்தாள். "அங்கிள், நீங்க தூக்கல. உங்க முட்டி மடங்கவே இல்ல. மடங்குனாதானே சத்தம் வரும்? நீங்க சும்மா பட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஆன்ட்டிதான் தன் கால்ல எந்திரிக்கிறாங்க" என்றாள். சின்னத்தாயி சமையலறைக்குள் போய்விட்டாள். உன் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "மூணு வாரமாச்சு. நீங்க ஹால்ல ஐஸ் வெச்சுண்டு உக்காந்திருந்தேளே, அப்போ சின்னத்தாயியைப் பிடிச்சுண்டு நின்னு பார்த்தேன். பயமாத்தான் இருந்தது. ஆனா இன்னொரு தரம் உங்களோட தரையில உக்காந்துண்டு பால் தீயற வாசனையைப் பிடிக்க என்னால ஆகாது" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க அவ்வளவு ஆசையா ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிண்டிருந்தேள்" என்றாள். பிறகு ரூபினி என்னைத் தாழ்வான நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னாள். என்னால் முடியவில்லை. உன் அக்காதான் கை கொடுத்தாள். ஆகவே நான் தூக்குவது பற்றி மேலே எழுதியிருப்பது எதையும் நீ பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுவா, கொண்டுவராதே என்று சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக இப்போது தோன்றவில்லை. கொண்டுவந்தால், அதில் யாரை ஏற்றி அனுப்புவது என்பதை உன் அக்காவிடமே கேட்டுக்கொள். நான் இன்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வரட்டும், பார்க்கலாம்" என்கிறாள்.