தெற்குத் தெருவுக்குப் போன கம்பி

கம்பம் நடத் தோண்டிய குழிக்குள் சென்னம்மா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று ஆட்கள் ஓடிவந்து சொன்னதும், கோபிகிருஷ்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

போய்ப் பார்த்தால் உண்மைதான். மடியில் முறம் வைத்துக்கொண்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாசலுக்கு நேரா கம்பம் நட்டா வூடு வெளங்குமா நைனா? பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். வர்றவங்க மொதல்ல இதைத்தான் பாப்பாங்க."

திருப்பதி ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் அவன் கோடு இழுத்தபோது நெல்லிமிட்டா என்பது மரங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த கூரைகள் மட்டும்தான். எந்தக் கூரைக்கு எந்தப் பக்கம் வாசல் என்பதெல்லாம் அந்தப் படத்தில் தெரியாது.

கோபிகிருஷ்ணன் பலமனேர்க்காரன். பெங்களூர் அடுக்குமாடிகளுக்கு இணையக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து வரைந்து அலுத்துப்போய், ஊர்ப்பக்கமே வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தவன். ஆந்திராவில் நாகலாபுரத்துக்கு அப்பால் இருக்கிற சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் கொடுக்கிற திட்டத்தில், நெல்லிமிட்டாதான் அவன் தனியாகப் பொறுப்பேற்ற முதல் ஊர். மேலாளர் நாகபூஷணம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். நாற்பது வீடாவது சேர வேண்டும். சேராவிட்டால் அந்த ஊர் திட்டத்தில் இல்லை, அவனும் பெங்களூருக்கே திரும்பிப் போகலாம்.

கம்பத்தை நகர்த்துவதாகச் சொல்லி சென்னம்மாவை எழுப்பிவிட்டான். நகர்த்திய இடம் எதிர்வீட்டு உமாபதியின் டிராக்டர் திரும்புகிற இடம். உமாபதி சண்டை போடவில்லை. டிராக்டரை ஓட்டிவந்து குழியை ஒட்டி நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புத்தூர் சந்தைக்குப் போய்விட்டார்.

சரி, தெருவே வேண்டாம் என்று கோபிகிருஷ்ணன் வழியை வீடுகளுக்குப் பின்பக்கம் மாற்றி வரைந்தான். பின்பக்கம் சின்னப்பனின் மாந்தோப்பு. மரமெல்லாம் பூத்திருந்த நேரம். கம்பியில் ஓடுகிற கரெண்டு சூட்டில் பூ உதிர்ந்துவிட்டால் யார் பொறுப்பு என்று சின்னப்பன் கேட்டார்.

இங்கேதான் அவன் தப்புச் செய்தான். வாயை மூடிக்கொண்டு தோப்பைச் சுற்றிப் போயிருக்கலாம். படித்ததைச் சொல்லிவிட்டான்.

"இதுல கரெண்டே கெடையாதுங்க. முடி மாதிரி மெல்லிசா ஒரு கண்ணாடி இழை. அதுக்குள்ள வெறும் வெளிச்சம்தான் போகும்."

சின்னப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அந்த வெளிச்சம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இராப்பகலாக வீட்டுக்குள் வெளிச்சம் அடிக்கப் போகிறதாம், குழந்தைகள் கண் கூசுமாம். மறுநாள் காலையில் சின்னப்பனின் மனைவி அவனை வழிமறித்து, ராத்திரியெல்லாம் வெளிச்சம் போனால் கோழி எப்போது தூங்கும், எப்போது முட்டை வைக்கும் என்று விசாரித்தாள். வெளிச்சம் கம்பிக்குள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது என்றான். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அதைவிட மோசம் என்று முடிவு செய்து, வரிசையாகப் பெயர் கொடுத்தவர்கள் வரிசையாகவே வந்து வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். பாதி வீடுகூட மிஞ்சவில்லை.

நாகபூஷணம் போனில் அதிகம் பேசவில்லை. "ஏமய்யா, ஊருக்கு நெட் குடுக்கப் போனியா, சுவிட்சு ஆஃப் பண்ணப் போனியா?" என்று மட்டும் கேட்டார்.

சோர்ந்துபோய் ஊரின் தெற்குக் கோடிவரை நடந்தான். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் இரும்பு ஏணியின் நடுவில் ஓர் இளம்பெண் மடியில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தாள். கீழே புங்கமரத்தில் தூளி கட்டி, அவளுடைய அம்மா குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்ணின் பெயர் யமுனா. பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தாள். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்த ஏணிதான். காற்றடித்தால் அதுவும் போய்விடும். வீட்டில் ஒழுங்கான இணையம் இல்லையென்றால் ஆபீஸுக்கு வந்து சேர் என்று கம்பெனி சொல்லிவிட்டது. கைக்குழந்தையோடு போய் அங்கே தனியாக என்ன செய்வது, விட்டுவிட்டுப் போனால் இங்கே அது என்ன செய்யும் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

கோபிகிருஷ்ணன் தன் கதையைச் சொன்னான். அம்மா செங்கம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டாள்:

"எங்க தெருவுக்கும் குடுப்பீங்களா சார்?"

"ஏன் குடுக்கக் கூடாது? வீடுன்னா வீடுதானே."

செங்கம்மா மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். "உங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?" என்று யமுனா இழுத்தாள். எவ்வளவு அடக்கமான மனுஷர்கள் என்று கோபிகிருஷ்ணன் நெகிழ்ந்துபோனான். அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்தான். பெரிய சாலையிலிருந்து வருகிற கம்பியை ஊரைச் சுற்றித் தெற்குத் தெருவுக்குக் கொண்டுபோய், வீடுகளுக்குப் பிரித்துவிடும் பெட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

அந்தத் தெருவைப்போல ஒரு தெருவை அவன் பெங்களூரில்கூடப் பார்த்ததில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரும் கேள்வியே கேட்கவில்லை. அவன் சொன்ன இடத்தில் எல்லாம் குழி தோண்டித் தயாராக இருந்தது. ஒருவர் தன் வேலியைத் தானே பிரித்துக் கம்பத்துக்கு இடம் விட்டார். வந்த ஆட்களுக்கு மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, "துன்னுட்டு மெதுவா செய்ங்க" என்று விசிறினார்கள். நாற்பது வீடு தேறி, அதற்கு மேலும் பெயர்கள் வந்தன.

முதல் இணைப்பு யமுனாவுக்கு. சின்ன வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் அவள் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெங்களூரைக் கூப்பிட்டாள். திரையில் அவளுடைய மேலாளர் முகம் திணறாமல் தெரிந்தது. பேசி முடித்து லேப்டாப்பை மூடினாள். தூளியிலிருந்த குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கோபிகிருஷ்ணன் அவசரமாக வெளியே போய், சரியாக இருந்த முடிச்சு ஒன்றை மறுபடி சரிபார்த்தான்.

செய்தி வடக்கே போயிற்று. தெற்குத் தெருக் கோழிகள் வழக்கம்போலத் தூங்குவதைச் சின்னப்பனின் மனைவி நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். உமாபதி டிராக்டரை எடுத்துவிட்டார். சென்னம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கம்பம் வாசலுக்கு நேராகவே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

நாகபூஷணத்துக்குத் தலைகால் புரியவில்லை. திறப்பு விழாவே வைத்துவிடலாம் என்று, திருப்பதியிலிருந்து கோவர்த்தனன் என்ற பிரமுகரைக் காரில் அழைத்துவந்தார். அடுத்த தேர்தலில் இந்தப் பக்கம் நிற்க ஆசைப்பட்டு, ஊர் ஊராகப் போய்வரத் தொடங்கியிருந்தவர் அவர். தொட்டிக்குக் கீழே பந்தல் போட்டு, பெட்டிக்கு மாலை சாத்தியிருந்தார்கள். தெருவே திரண்டிருந்தது.

கோவர்த்தனன் ரிப்பனை வெட்டிவிட்டுத் தெலுங்கில் ஆரம்பித்தார். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். இத்தனை ஒற்றுமையான ஜனங்களை ஆந்திரப்பிரதேசம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றார். கோபிகிருஷ்ணனை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார். கடைசியில் கைகூப்பி, இந்தத் தெரு ஓட்டு ஒன்றுகூடச் சிதறாமல் தனக்கே விழ வேண்டும் என்றார்.

கைதட்டல் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் பேரக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த செங்கம்மாதான் கடைசியில் எழுந்தாள்.

"போடறதுக்கு எங்களுக்கும் ஆசதான் சாமி. ஆனா இந்தத் தெரு தமிழ்நாட்டுல கீது. கம்பிய மட்டும் கழட்ட மாட்டோம்னு சொல்லுங்க, தெருவையே உங்க ஆந்திராவுக்கு எழுதிக் குடுத்துடறோம்."