தேங்காய்க்குக் கோபம் வந்த விஷயமாக

அருப்புக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் காசிராஜன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் தங்கசாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ராமலட்சுமியும் கல்யாணப்பெண் பிரவீணாவும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், திருச்சுழித் தோட்டத்து மிளகாய்ச் செடிகளின் சுகத்தையும் அறிய ஆவல். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன் என்று உங்கள் தங்கை சொன்னதால் எழுதுகிறேன். ஆகவே இதைக் கொஞ்சம் சத்தமாகவே படித்துக்கொள்ளவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீரோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மிளகாய் வத்தல் கடையை மகனிடம் விட்ட பிறகு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் என்னால் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. நூலகத்துக்குப் போனேன். அங்கே வாசகர் கூட்டத்தில், எதைக் கேட்டாலும் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்த பிறகே நம்ப வேண்டும் என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடி வத்தலை எடுத்துப் பார்க்காமல் ஒரு மூட்டை வாங்கியதில்லை நான். ஊரார் பேச்சை மட்டும் காலமெல்லாம் மேலோட்டமாகப் பார்த்தே வாங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தேன், ஆரம்பித்ததும் வம்பும் ஆரம்பித்தது, வீட்டு முறுக்கு என்று விற்றவரிடம் எந்த வீடு என்று கேட்டதற்கு அவர் முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார், காரியாபட்டித் துக்க வீட்டில் 'தங்கமான மனுசன்'னு எல்லாரும் அழும்போது எதை வச்சுச் சொல்றீங்கன்னு கேட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பக்கத்தில் இருந்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அழுகையை நிறுத்தியதற்கு நான் பொறுப்பில்லை.

இனி உங்கள் தோட்டம். போர் போட நிலத்தடி நீரோட்டம் பார்க்க நீங்கள் கூட்டி வந்த மனுசர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார், வேலியோரம் அது எழுந்து நின்றது, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். நான் என்ன கேட்டேன்? கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொரு நடை நடந்தால் அதே இடத்தில் நிற்குமா என்றேன். அவ்வளவுதான். என் துண்டால்தான் கட்டினேன், துவைத்த துண்டு. இரண்டாம் நடையில் தேங்காய் களத்தில் நின்றது. மூன்றாம் நடையில் தோட்டத்தைத் தாண்டித் தார்ரோட்டு நடுவில் நின்றது. அங்கே போர் போட்டால் அருப்புக்கோட்டை பஸ்ஸு எந்த வழியாகப் போகும் என்று கேட்டதுதான் என் குற்றம்.

"கண்ணக் கட்டுனா தேங்காய்க்குக் கோவம் வந்துரும்யா!" என்று அவர் துண்டை வீசிவிட்டுப் போனார். நீங்கள் என்னை முறைத்தீர்கள். தேங்காயை முறைக்கவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று பக்கத்துக் கடை மருதுபாண்டி வந்து, "காசிராஜன் அண்ணாச்சி சொல்லிட்டாகண்ணே, அந்த நீரோட்டக்காரர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டாத்தான் கல்யாணத்துக்கு வருவாகளாம்" என்றான். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டி வராமல் பெண் மணவறை ஏறுவதா? ஏறட்டும்! மாமன் இல்லாத மணவறையாக இருந்தாலும் இருக்கட்டும், கண்டதையும் நம்பும் வீடாக என் வீடு இருக்காது. விசாரிக்காமல் ஒரு வார்த்தையைக்கூட நம்ப மாட்டேன், அது மச்சான் வார்த்தையானாலும் சரி. இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது மச்சான். பிரவீணா பிறந்தபோது முதலில் வாங்கித் தூக்கியது நீங்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் நிலத்துக்கு எந்த இடத்திலாவது நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று கோபத்தோடு வேண்டிக்கொள்ளும்,

தங்கசாமி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லிப் பிரவீணாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா இப்படிச் சொன்னத மருது சித்தப்பா நேர்ல கேட்டாராப்பா?" என்றாள். தெரியாது என்றேன். "நீங்க மாமாகிட்ட கேட்டீங்களா?" என்றாள். மருதுபாண்டிக்குப் போன் போட்டேன். பாலவனத்தம் டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டார்களாம், ஆள் முகம் ஞாபகமில்லையாம். பிரவீணா உங்களுக்கே போட்டாள். நீங்கள் பூக்கடையில் நிற்பதாகவும், கல்யாண மாலை ரோஜாவில் கட்டுவதா சம்பங்கியில் கட்டுவதா என்று கேட்டதாகவும், அந்தப் பஸ்ஸு பேச்சை நினைத்து இன்னமும் சிரிப்பதாகவும் சொல்கிறாள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வராததால் அனுப்புகிறேன், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். அவளுக்கு ரோஜாதான் பிடிக்கும். மன்னிப்பு உங்களிடம் கேட்கிறேன் மச்சான். அந்தத் தேங்காய்க்காரரிடம் இப்போதும் மாட்டேன்.