பாட்டு பாதியில் நின்றால்

எது பழுதானாலும் உலகத்தையே சந்தேகப்பட்டு, தன் கைவேலையை மட்டும் சந்தேகப்படாத ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்க மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். விடுமுறை நாளில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், காரின் டிக்கியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, பின்பக்கத்தை ஊருக்குக் காட்டியபடி நிற்கும். எங்கள் தெருவில் அப்படி நிற்கும் பின்பக்கம் அடியேனுடையது.

என் டிக்கியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பாட்டுக்குத் தெம்பூட்டும் பெட்டி. தூசி படக் கூடாதே என்று பழைய திரைச்சீலையை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, நானே அதற்கு உறை தைத்தேன். ஒயர் போக அளவாக ஓட்டைகூட விட்டேன். எந்தக் கடைக்காரராவது இப்படிச் செய்து தருவாரா? தரமாட்டார். ஏன் தரமாட்டார் என்றுதான் நான் யோசிக்கவில்லை.

நாலு பாட்டு பாடும். பிறகு வாயை மூடிக்கொள்ளும்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காரில் கொண்டுபோய் விட வேண்டும். "அப்பா, போற வழியெல்லாம் நம்ம பாட்டாப் போட்டுக் கத்திக்கிட்டே போகணும், சரியா?" என்றாள். "அதுக்கென்னம்மா, ஜமாய்ச்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உடனே பேட்டரியைச் சந்தேகப்பட்டு, புதிதாக ஒன்று மாட்டி, பிறகு ஃபியூஸைச் சந்தேகப்பட்டு, ஒயரைச் சந்தேகப்பட்டு, ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டு, அதுவும் தேறாமல், பாட்டுக்கு இசையமைத்தவர் எதற்கு இவ்வளவு உருட்டுகிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டு, கடைசியில் வண்டியை இரவல் வாங்கிய மச்சானிடம் வந்து நின்றேன். "நீங்க பிரேக் போடற லட்சணம்தான் காரணம், மச்சான்." அன்றிலிருந்து மச்சான் என் காரில் ஏறுவதில்லை.

"பேசாம கடையில காட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"அவனுக்கு என்ன தெரியும்? இந்த வண்டிய முழுசாத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்!"

"அதான் பயமா இருக்கு."

இதில் ஒரு வேடிக்கை. பாட்டு நின்றதும் டிக்கியைத் திறந்துவைத்து, ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து, உறைமேல் இரண்டு தட்டு தட்டினால் மறுபடி பாடும். கைராசி என்றால் இதுதானய்யா என்று பூரித்துப்போனேன்.

ஞாயிறும் வந்தது. நாலாவது பாட்டில் மனைவி, மகள், நான் மூவரும் தொண்டை கிழிய உச்சத்தைப் பிடிக்க, பெட்டி படுத்துவிட்டது. எங்கள் குரல் மட்டும் அம்போவென்று நின்றது. இறங்கினேன், தட்டினேன், பாடியது. மறுபடி நின்றது. பாதி வழி தாண்டியும் இதே கூத்து. அடுத்த முறை மகளும் இறங்கி வந்தாள். உறைக்குள் கையை விட்டவள் "ஐயோ!" என்று உதறினாள்.

"கொதிக்குதுப்பா! இதுக்குப் போய் யாரு கம்பளி போர்த்தினது?"

"தூசி படக்கூடாதுன்னு..."

"சூடு வெளிய போக வழியே இல்ல. தாங்க முடியாம அதுவே அணைஞ்சுக்குது. நீங்க டிக்கியத் தொறந்து போட்டு ஸ்க்ரூ டிரைவர் தேடற நேரத்துல ஆறிடுது. அவ்வளவுதான் உங்க கைராசி."

உறையை உரித்து என் கையில் கொடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்." மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அதன்பின் பாட்டு நிற்கவே இல்லை. ஆனால் ஊர் வந்துவிட்டது. விடுதி வாசலில் அவள் சாமான்களை இறக்கி முடித்த பிறகும் பாடிக்கொண்டிருந்தது. அணைக்க எனக்கு மனசு வரவில்லை. வழியெல்லாம் பாடியிருக்கலாமே, பாவி! "திரும்பிப் போறப்ப மறுபடி போர்த்திடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரி, இவ்வளவு நேரம் யாரை நினைத்துச் சிரித்தீர்கள்? மைத்துனரையா, மேலதிகாரியையா, பக்கத்து வீட்டுக்காரரையா? உங்கள்மேல் துளி சந்தேகமும் வரவில்லை, அல்லவா? அப்படியானால் கூச்சப்படாமல் வாருங்கள். டிக்கிக்குள் இன்னொரு தலைக்கு இடமிருக்கிறது.